லோனார்: பள்ளமும் கல்லும்

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் சேத்தூரைக் கடந்தால் தேவதானம் வரும். மேற்கே அடுக்கடுக்காக மலை. மலையின் அடிவாரத்தில் கண்மாய். கண்மாய்க்குக் கீழே வயல். கோயிலுக்கென்று விடப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்று சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகள் வழங்கும். அச்சொல்லே இவ்வூருக்கும் பெயராக நிற்கின்றது. அரபியில் ‘வக்ஃபு’ என்னும் சொல்லுக்கு நிறுத்தி வைத்தல் என்பது வேர்ப்பொருள். கைமாறாமல் நிறுத்தி வைக்கப்பட்ட நிலம் என்ற கருத்து இரு மொழியிலும் உண்டு என்பதை அறிய, நம் இளமை கழிந்த அவ்வூரின் பெயரே நமக்குப் போதுமானதாயிருந்தது.

அவ்வூர்க் கோயிலின் இறைவனுக்கு நச்சாடை தவிர்த்த லிங்கம் என்று பெயர். சோழ மன்னன் ஒருவன் பகைமை காரணமாகப் பாண்டியனுக்கு நஞ்சு தோய்த்த ஆடையொன்றைப் பரிசுபோல் அனுப்பினான் என்றும், அத்தீங்கு விலக்கப்பட்டது என்றும் ஊர்மக்கள் கூறுவர். இக்கதையைச் சிறு வயதிலேயே கேட்டிருந்த நாம், பின்னர் மத்ரஸாவில் முஅல்லகாத் கவிதைகளைப் பாடம் கேட்டபோது வியப்படைந்தோம். அக்கவிஞர்களுள் முதல்வரான இம்ரஉல் கைஸ், தந்தையின் கொலைக்குப் பழிவாங்க உதவி நாடி ரோமப் பேரரசரிடம் சென்றார் என்றும், அவர் திரும்பும் வழியில் பேரரசர் பொன்னிழை வேய்ந்த ஆடையொன்றை நஞ்சூட்டி அனுப்பினார் என்றும், அதை அணிந்து உடலெல்லாம் புண்ணாகி அங்காராவில் மடிந்தார் என்றும் அரபு மரபு கூறும். ‘துல் குரூஹ்’, அதாவது புண்களை உடையவர் என்றொரு பட்டப்பெயரும் அவருக்கு உண்டு.

நாம் பேருவகையுடன் உஸ்தாதிடம் சென்று, “ஹஜரத், அரபு நாட்டுக் கதை எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது” என்றோம். அவர் சிரித்தார். “இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்பது முதற்பாடம். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்குச் சான்று எங்கே என்பது இரண்டாம் பாடம். முதற்பாடத்தோடு எழுந்து போய்விடாதே” என்றார்.

அவ்விரண்டாம் பாடத்தை நாம் செவ்வையாகக் கற்றது பல்லாண்டுகள் கழித்து, மராட்டிய நாட்டின் ஓர் ஏரிக்கரையில். அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிய மண் இரண்டு

தேவதானத்தின் மலையடியில் செம்மண். கிழக்கே போகப் போக மண் கறுத்துக்கொண்டே வந்து, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கங்களில் முற்றும் கரிசலாகிவிடும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. கருங்கண்ணிப் பருத்தி இம்மண்ணின் பயிர். இம்மண்ணின் பருத்தி ஆராய்ச்சிக்கெனக் கோவில்பட்டியில் 1901-இலேயே அரசு பண்ணை ஏற்பட்டது. இராசபாளையத்து நூற்பாலைகளுக்கும் இக்கரிசலே தாய்வீடு.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து உண்டானது என்று புவியியல் பாடத்தில் வந்தது. அன்று மாலை கண்மாய்க் கரையில் நின்று மேற்கே மலையைப் பார்த்த நமக்கு அச்சமே உண்டாயிற்று. இந்த மலை ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கியதா, மறுபடியும் கக்குமா என்று தந்தையாரைக் கேட்டோம். “தண்ணீர் தரும் மலை, தம்பி, அது” என்று மட்டும் அவர் சொன்னார். அவர் சொன்னதே சரியென்று அறிய நெடுங்காலம் ஆயிற்று. பாடநூல் கூறியது தக்காணத்துக் கரிசலுக்கு முற்றும் பொருந்தும். தமிழகத்துக் கரிசலோ, இரும்புச் சத்து மிக்க மிகப் பழைய நைஸ் முதலிய பாறைகள் வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து உண்டானது. தக்காண எரிமலைக் குழம்பு தமிழகம்வரை வந்ததில்லை. நிறம் ஒன்று, குணம் ஏறக்குறைய ஒன்று, விளையும் பயிரும் ஒன்று. ஆயினும் தாய்ப்பாறை வேறு. உஸ்தாத் கூறிய முதற்பாடத்தோடு எழுந்துபோனவர்கள் நாம் மட்டும் அல்லர் என்பது தெளிவாயிற்று.

உண்மையான எரிமலைக் கரிசலை ஒருமுறை நேரில் காணவேண்டும் என்ற ஆசை அதன்பின் நம்மை விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்தில், அவுரங்காபாத்துக்கு அருகிலுள்ள குல்தாபாத்துக்குச் சென்றிருந்தோம். (அவுரங்காபாத் நகரின் பெயர் 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்.) இந்தியாவின் பெருமைகளை அரபியில் எழுதிய குலாம் அலீ ஆஸாத் பில்கிராமி அவர்கள் அடங்கியிருக்கும் ஊர் அது. அங்கிருந்து ஜால்னாவுக்கு வந்தபோது, பருத்திக் கொள்முதலுக்காக அங்கே தங்கியிருந்த நம் பக்கத்து அன்பர் ஒருவர், “ஹஜரத், இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், லோனாரையும் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று வற்புறுத்தித் தம் வண்டியிலேயே அழைத்துச் சென்றார்.

சிவாஜி மன்னரின் அன்னை ஜீஜாபாய் பிறந்த சிந்துகேட்ராஜாவைக் கடந்து செல்லும் வழி அது. இருமருங்கிலும் கரிய நிலம். பருத்திச் செடிகளில் கடைசி வெடிப்பு வெண்மையாக நின்றது. துவரை ஆளுயரம் வளர்ந்திருந்தது. சோயா அறுத்த நிலங்களில் கொண்டைக்கடலை முளைவிட்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தோம். கோவில்பட்டி மண்ணைக் கையில் வைத்திருப்பது போலவே இருந்தது. வரப்பில் நின்ற உழவர் ஒருவர் நம்மை ஐயத்துடன் பார்த்தார். எங்கள் ஊரிலும் இப்படித்தான் மண் என்று உருதுவில் சொன்னோம். “அப்படியானால் அங்கேயும் மழையை நம்பித்தான் பிழைப்பு” என்றார் அவர். மண்ணின் பிறப்பு எதுவாயினும், அதில் உழுபவர் வாழ்வு ஒன்றாகவே இருந்தது.

இந்நிலத்தின் வரலாறு பெரிது. ஏறக்குறைய 6½ கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் பிளவுகள் வழியே எரிகுழம்பு பொங்கி வெளிவந்து, வெள்ளம்போல் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியது. அவ்வாறு மூடப்பட்ட நிலம் இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். கூம்பு வடிவ எரிமலை எதுவும் அங்கே எழவில்லை. நிலமே வாய் திறந்து கொட்டியது. படிப்படியாகத் தெரியும் அப்பாறை அடுக்குகளை, படிக்கட்டு என்னும் பொருளுடைய சுவீடன் நாட்டுச் சொல்லைக்கொண்டு ‘டிராப்’ என்று புவியியலார் அழைத்தனர். அப்பாறையின் பெயர் பசால்ட்டு. எல்லோராக் குகைகளைக் குடைந்ததும் இப்பாறையில்தான்.

ஊரோரத்து ஏரி

லோனார் ஒரு சிறு நாட்டுப்புற நகரம். புல்டாணா மாவட்டத்தைச் சேர்ந்தது. கடைத்தெருவும், பேருந்து நிலையமும், பள்ளிவாசலும், சாளுக்கியர் காலத்துச் சிற்பங்கள் நிறைந்த தைத்தியசூதனர் கோயிலும் கொண்டது. லவணாசுரன் என்னும் அரக்கனைத் திருமால் அழித்த இடம் அது என்பது அவ்வூர்ப் புராணம். ‘லவணம்’ என்றால் உப்பு. ஊரின் பெயரே ஏரியின் சுவையைச் சொல்லிவிடுகிறது.

நகரத்தின் விளிம்பில் நிலம் சற்றே மேடேறுகிறது. அம்மேட்டில் ஏறி நின்றதும் நம் காலடியில் பூமி இல்லை! வட்டமான ஒரு பெரும்பள்ளம். குறுக்களவு 1.8 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விளிம்பிலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் ஆழத்தில், காட்டு மரங்கள் சூழ, அசைவற்ற பச்சை நிற நீர். திசைகாட்டியின் முள்ளை ஊன்றி வரைந்தது போன்ற அவ்வட்டத்தைக் கண்டவர்கள், இது தானாக அமைந்த ஏரி என்று எளிதில் நம்பமாட்டார்கள்.

நம் கண்மாய்கள் பிறைவடிவமானவை. மலையிலிருந்து இறங்கும் நீரைக் கரையிட்டு மறித்து, மடை வைத்து வயலுக்கு விட்டு, மிகுந்ததைக் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் அமைப்பு அது. அங்கே நீர் தங்குவது போவதற்காகவே. லோனாரில் நீர் வரும் வழி உண்டு. போகும் வழி இல்லை. மழைநீரும், பள்ளத்தின் சரிவுகளில் சுரக்கும் ஊற்றுகளும் உள்ளே விழுகின்றன. வெயில் ஒன்றே அந்நீரை வெளியேற்றுகிறது. நீர் போக, அது கொண்டுவந்த உப்பும் காரமும் அங்கேயே தங்கித் தங்கி, ஏரி முழுவதும் உவராகிவிட்டது. கீழே இறங்கிச் சென்று நீரைத் தொட்டோம். சவர்க்காரம் கரைத்ததுபோல் விரலில் வழுவழுத்தது. பாசி அழுகிய வாடை மூக்கைத் துளைத்தது. ஆனால் சரிவின் மேற்பகுதியில், ஒரு கல்வாயிலிருந்து ஓயாது விழும் ஊற்றுநீரோ நல்ல குடிநீர். ஒரே பள்ளத்துக்குள் இரு நீரும் அருகருகே இருக்கின்றன.

முதற்குறிப்பு

இவ்வேரியைப் பற்றிய பழைய குறிப்புகளுள் தலையாயது அபுல் ஃபஸல் அக்பர் காலத்தில் எழுதிய ‘ஆயினே அக்பரி’யில் உள்ளது. பேரார் நாடு மொகலாயர் வசமானது 1596-இல். அதன்பின் அந்நாட்டைப் பற்றி எழுதியவர், மேஹ்கர்ப் பகுதியைச் சேர்ந்த லோனாரையும் குறிப்பிடுகிறார். பிராமணர்கள் அதனைப் புனிதத் தலமாகக் கொண்டு விஷ்ணுகயை என்று வழங்குவதைக் கூறுகிறார். உயர்ந்த மலைகள் சூழ்ந்த பெரும் நீர்நிலை என்றும், நீர் உவர்ப்பானது என்றும், கண்ணாடியும் சவர்க்காரமும் செய்வதற்கான பொருள் அங்கே கிடைக்கிறது என்றும், வெடியுப்பும் எடுக்கப்படுவதால் அரசுக்கு நல்ல வருவாய் உண்டு என்றும் எழுதுகிறார். மேலே காளை உருவம் செதுக்கிய வாயையுடைய ஊற்று ஒன்று இருப்பதையும் விட்டுவிடவில்லை.

நாம் அந்த ஊற்றருகே நின்றுகொண்டு இதனை நினைத்தபோது, நூல் படித்த பயனை அடைந்தோம். 400 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதியதைக் கையில் விளக்காகப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. அபுல் ஃபஸல் அப்பள்ளம் எப்படி உண்டாயிற்று என்று ஆராயவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார். ஊரார் நம்புவதை ஊரார் நம்பிக்கையாகவே எழுதினார். எது விளைகிறது, என்ன வருவாய் என்று எழுதினார்.

இரண்டாம் குறிப்பு

அதே அரசவையில், அடுத்த தலைமுறையில், மற்றொரு குறிப்பு எழுதப்பட்டது. எழுதியவர் பேரரசர் ஜஹாங்கீர். நூல், அவர் தம் கைப்பட எழுதிய ‘துசுக்’ என்னும் நாட்குறிப்பு. 1621 ஏப்ரல் மாதம் பஞ்சாபில் ஜாலந்தருக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில், காலை நேரத்தில், பேரொலி எழுந்தது. வானிலிருந்து ஒளியொன்று விழுந்தது. அப்பகுதியின் அதிகாரி முஹம்மது ஸயீத் குதிரையேறிச் சென்று பார்த்தார். பத்துப் பன்னிரண்டு கெஜம் நிலம் புல்பூண்டு இன்றிக் கருகியிருந்தது. அவ்விடத்தைத் தோண்டச் செய்தார். தோண்டத் தோண்ட வெப்பம் மிகுந்தது. முடிவில் சூடு ஆறாத ஓர் இரும்புக் கட்டி கிடைத்தது. அதனை முத்திரையிட்டு அரசவைக்கு அனுப்பினார். பேரரசர் தம் முன்னிலையில் நிறுக்கச் செய்தார். எடை 160 தோலா.

பின்னர் உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லரிடம் அதனைக் கொடுத்து வாள் செய்யச் சொன்னார். சம்மட்டியின் கீழ் அது நிற்கவில்லை, உடைந்து சிதறியது. மூன்று பங்கு அவ்விரும்பும் ஒரு பங்கு சாதாரண இரும்பும் கலந்து அடித்தபோது, இரு வாள்களும் ஒரு கட்டாரியும் ஒரு கத்தியும் உருவாயின. அவற்றின் வெட்டும் திறனையும் பேரரசர் சோதித்துப் பார்த்து எழுதிவைத்தார். அவருக்கு அது மின்னலின் இரும்பு. பெயரில் பிழை இருக்கலாம். செய்தியில் பிழை இல்லை. இடம், ஒலி, வெப்பம், எடை, கலவை, விளைவு ஆகிய யாவும் அங்கே உள்ளன. அவருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னு ஸீனா, ஜூஸ்ஜான் நாட்டில் விண்ணிலிருந்து விழுந்த இரும்புத் திரளைப் பற்றித் தம் ‘ஷிஃபா’வில் எழுதியிருந்தார். ஐரோப்பிய அறிஞர் பலரோ, வானத்திலிருந்து கல் விழும் என்பதைப் பாமரர் கட்டிய கதையென்றே 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஒதுக்கினர். 1794-இல் கிளாட்னி என்பார் நூலெழுதி வாதிட்டதும், 1803-இல் பிரான்சில் லேகிள் என்னுமிடத்தில் விழுந்த கல்மாரியைப் பியோ என்பார் நேரில் சென்று ஆராய்ந்ததும் அந்த மறுப்பைத் தகர்த்தன.

இனி வாசகர்கள் இவ்விரு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஒன்று வட்டமான பெரும்பள்ளத்தைப் பற்றியது. மற்றது வானிலிருந்து விழுந்து நிலத்தைக் கருக்கிய இரும்பைப் பற்றியது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 ஆண்டுகள். இரண்டும் ஒரே அரசகுலத்தின் நூலகத்தில் இருந்திருக்கக் கூடியவை. இரண்டும் உண்மை. ஆனால் இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க அங்கே எவரும் இல்லை. அதிலொரு கொடுமையும் உண்டு. முதற்குறிப்பை எழுதிய அபுல் ஃபஸல் 1602-இல் கொலையுண்டார். அதனை ஏவியவர், அப்போது இளவரசராயிருந்த ஜஹாங்கீரே. தம் நாட்குறிப்பிலேயே அதனை அவர் ஒப்புக்கொள்கிறார். பள்ளத்தை எழுதிய பேனாவும் கல்லை எழுதிய பேனாவும் ஒரே அறையில் அமர்ந்து உரையாட வாய்ப்பில்லாமற் போயிற்று.

இணைந்த விதம்

1823-இல் ஜே. இ. அலெக்ஸாண்டர் என்னும் ஆங்கில அதிகாரி லோனாரைக் கண்டு எழுதினார். அதன்பின் வந்த புவியியலார் பலர், இது எரிமலையின் வாய் என்றோ, அடியில் தேங்கிய நீராவியால் நிலம் வெடித்துத் தகர்ந்த இடம் என்றோ முடிவு செய்தனர். அவர்களைக் குறைகூற இயலாது. சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு எரிமலைக் குழம்பு. அதன் நடுவே வட்டமான குழி. வேறென்ன நினைக்கத் தோன்றும்? ஆனால் ஒரு முரண் அவர்களுக்கு உறுத்தலாக இருந்திருக்கவேண்டும். அங்கு எரிகுழம்பு ஓய்ந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. பள்ளத்தின் விளிம்போ மழையிலும் காற்றிலும் இன்னும் மழுங்காமல் கூராக நிற்கின்றது. தாத்தாவின் காயம் பேரனின் மேனியில் பச்சையாக இருப்பதுபோல் அல்லவா இது!

1896-இல் கில்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், தம் நாட்டு அரிசோனாவில் உள்ள பள்ளத்துக்கும் லோனாருக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். இரண்டும் ஒத்தவை என்பதில் அவர் தவறவில்லை. ஆனால் அரிசோனாப் பள்ளத்தை நீராவி வெடிப்பென்று அவர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். ஆகவே அவ்வொற்றுமை பிழையையே வலுப்படுத்தியது. முதற்பாடத்தின் ஆபத்து இதுவே. 1960-இல், பேரழுத்தத்தில் மட்டுமே உண்டாகும் ஒருவகைக் கனிமம் அரிசோனாவில் கண்டறியப்பட்டு, அது விண்கல் விழுந்த பள்ளமே என்று நிலைநாட்டப்பட்டது. பின்னர் லோனாரின் பக்கம் பார்வை திரும்பியது.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து ஏரியின் அடியில் துளையிட்டுப் பாறைகளை எடுத்தனர். 1973-இல் ஃபிரெட்ரிக்சன், துபே, மில்டன், பாலசுந்தரம் என்னும் நால்வர் தம் முடிவை வெளியிட்டனர். நொறுங்கிய பசால்ட்டினுள் ‘மாஸ்கெலினைட்’ என்ற கண்ணாடிப் பொருள் இருந்தது. பாறையிலுள்ள கனிமம் உருகாமலே, பேரதிர்ச்சியால் தன் ஒழுங்கை இழந்து கண்ணாடியாவது அது. எரிமலை அத்தகைய அதிர்ச்சியைத் தரவல்லதன்று. விண்ணிலிருந்து பெருவேகத்தில் வந்து மோதிய பொருள் ஒன்றே தரமுடியும். இக்கண்ணாடி முதன்முதல் அறியப்பட்டதும் நம் நாட்டில் விழுந்த ஒரு கல்லிலேயே. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷேர்காட்டியில் விழுந்த விண்கல் அது.

மோதிய பொருளின் அகலம் சில பத்து மீட்டர்களே இருந்திருக்கும் என்று கணிக்கின்றனர். காலத்தைப் பற்றி இன்றும் ஒருமுடிவு இல்லை. ஒரு முறையால் அளந்தவர்கள் சுமார் 52,000 ஆண்டுகள் என்றனர். பின்னர் மற்றொரு முறையால் அளந்தவர்கள் சுமார் 5,70,000 ஆண்டுகள் என்றனர். சந்திரனில் நாம் காணும் கரிய பகுதிகளும் பசால்ட்டுப் பாறைகளே. ஆதலின், 1969 முதல் 1972 வரை அங்கிருந்து கொண்டுவந்த கற்களைப் புரிந்துகொள்ள, லோனாரின் கற்கள் ஒப்பீட்டுக்கு உதவின. எரிமலை நிலத்தில் எரிமலையால் ஆகாத பள்ளமாக, லோனார் உலக அறிஞர் கவனத்தைப் பெற்றது. 1979-இல் அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அபுல் ஃபஸல் எழுதியதை இப்போது மீண்டும் நினைக்கிறோம். கண்ணாடி செய்யும் பொருள் அங்கே கிடைக்கிறது என்றார். அவர் கூறியது ஏரியின் காரத்தை. அவ்வேரியின் பிறப்பை மெய்ப்பித்ததும் அதன் அடியில் கிடந்த கண்ணாடியே. அவர் அறியாமலே சரியான சொல்லில் கைவைத்திருந்தார்!

நிறம் மாறிய நீர்

நாம் அங்கிருந்தபோது, ஊரார் அடிக்கடி பேசியது 2020 ஜூன் மாதத்தைப் பற்றி. அம்மாதம் ஏரி முழுவதும் ஒருநாள் இளஞ்சிவப்பாகத் தோன்றியது. நோய்த்தொற்றுக்கு அஞ்சி நாடே வீட்டினுள் அடைந்திருந்த நேரம். உலகம் முடியப்போகிறது என்று கூறியவர்களும் இருந்தனராம். நீரை எடுத்துப் புணேயிலுள்ள அகர்கர் ஆய்வு நிலையத்தில் சோதித்தனர். மழை குறைந்து, நீர் வற்றி, உப்பு மிகுந்ததால், உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகித் தம் செந்நிறத்தை நீருக்கு அளித்தன என்று விளக்கம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ராம்சர் உடன்பாட்டின்படி பாதுகாக்கப்படும் நீர்நிலைகளின் பட்டியலிலும் லோனார் இடம் பெற்றது.

அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “மௌலானா, நான் சிறுவனாக இருந்தபோதும் இந்த நீர் சிவந்தது. என் கண்ணால் பார்த்தேன்” என்றார். எந்த ஆண்டு என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்தார். “எழுதி வைக்கவில்லையே” என்றார்.

அந்த ஒரு சொல் நம்மைச் சுட்டது. அவர் கூறியது மெய்யாயின், அறிஞர்களுக்கு அது பெரும் செல்வம். எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை, எவ்வளவு வறட்சிக்குப் பின், எம்மாதத்தில் என்று கணக்கிட்டிருக்கலாம். ஆண்டு இல்லாமையால் அது வெறும் நினைவாக நின்றுவிட்டது.

நாமே போட்ட ஏடுகள்

அவரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. நம் தந்தையார் பெரிய படிப்பாளி அல்லர். தேவதானத்துக் கண்மாயின் கீழ் சிறிது நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர். மாலையில் மார்க்கக் கிதாபுகள் ஓதுவார். ஒரு கிதாபின் பின்பக்கத்து வெற்றுத் தாள்களில், அரபு எழுத்தால் தமிழை எழுதும் அக்காலத்து வழக்கப்படி, பிள்ளைகள் பிறந்த நாள், பெரியவர் மறைந்த நாள் ஆகியவற்றைக் குறிப்பார். அதே தாளில், அதே மையில், கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த நாளையும் குறிப்பார். மடையடைத்த நாள், கரம்பை மண் அள்ளிய கோடை, கிணறு வற்றிய ஆண்டு ஆகியவையும் அதில் உண்டு. அவருக்கு அவையெல்லாம் ஒரே குடும்பத்துச் செய்திகள்.

1994-இல் அவர் மறைந்தார். வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, கறையான் அரித்தும் தாள் ஒடிந்தும் கிடந்த கிதாபுகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. இறைமொழி எழுதிய தாள்கள் காலில் மிதிபடலாகாது. ஆகவே அவற்றை மூட்டையாகக் கட்டி, கல்லை வைத்து, பாழுங்கிணற்றின் நீரில் அமிழ்த்துவது நம் முன்னோர் கைக்கொண்ட மரியாதை. அன்று அதனைச் செய்தவர் வேறு எவரும் அல்லர். மத்ரஸாவில் பட்டம் பெற்று வந்திருந்த நாமே. ஒவ்வொரு கிதாபையும் புரட்டிப் பார்க்கும் பொறுமை நமக்கு இல்லை. அந்தக் கிதாபும் அந்த மூட்டையில் போயிற்று.

1992 நவம்பரில் தென்மாவட்டங்களைப் புரட்டிய பெருமழை நமக்கு நினைவிருக்கிறது. அதற்கு முந்தியவை? தந்தையார் எழுதிய ஏறத்தாழ 40 ஆண்டுகளின் நீர்க்கணக்கு, நாம் செய்த மரியாதையின் பெயரால் கிணற்றடியில் கரைந்தது. இன்று அக்கண்மாய் முன்போல் ஆண்டுதோறும் நிறைகிறதா, இடைவெளி கூடியிருக்கிறதா என்று எவரேனும் கேட்டால், நாமும் லோனார் முதியவரைப் போல் யோசித்துவிட்டுக் கைவிரிக்கவேண்டியதுதான்.

இதனை எழுதுவது வருத்தத்தைப் பகிர்வதற்காக மட்டும் அன்று. நம் குடும்பங்களில் இன்னும் எத்தனையோ பழைய கிதாபுகள் பரணிலும் பெட்டியிலும் கிடக்கின்றன. அவற்றின் ஓரங்களிலும் கடைசித் தாள்களிலும் பாட்டனார் எழுதிய வரிகள் இருக்கலாம். கப்பல் புறப்பட்ட நாள், கொள்ளைநோய் வந்த ஆண்டு, நெல் விற்ற விலை, கிணறு தோண்டிய ஆழம், ஏரி உடைந்த இரவு என்று எதுவும் இருக்கலாம். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருக்கும்போதே அவற்றைப் புரட்டிப் பார்க்கவேண்டும். மரியாதை செய்யுமுன் படிக்கவேண்டும். படித்ததைப் படியெடுத்து வைக்கவேண்டும். இன்று கைப்பேசியிலேயே படம் எடுத்துவிட முடிகிறது. அதற்குப் பொருட்செலவும் இல்லை.

அற்பமான குறிப்பு என்று எதனையும் தள்ளவேண்டா. அபுல் ஃபஸல் எழுதியது ஓர் ஊரின் உப்பு வருவாயைப் பற்றிய சில வரிகள். ஜஹாங்கீர் எழுதியது ஒரு கட்டி இரும்பின் எடை. அவற்றின் முழுப்பொருள் எழுதியவர்க்கே தெரியாது. 300 ஆண்டுகளுக்கு மேல் அவை தனித்தனியே காத்திருந்தன. இணைத்துப் பார்க்கும் அறிவு பிறந்தபோது, இரண்டும் ஆயத்தமாக இருந்தன.

ஊர் திரும்பிய மறுவாரம் தேவதானத்துக்குச் சென்றோம். வடகிழக்குப் பருவமழையின் இறுதி. கண்மாயில் முக்காற்பங்கு நீர் நின்றது. மலையின் நிழல் அதில் விழுந்திருந்தது. கரையில் நின்ற நீர்ப்பாய்ச்சி, “இந்த வருசம் மறுகால் போகாது, அசரத்து” என்றார். வீட்டுக்கு வந்து, புதிய குறிப்பேடு ஒன்றை எடுத்து, முதற்பக்கத்தில் தேதியையும் ஆண்டையும் இட்டு, அவர் சொன்னதை எழுதிவைத்தோம்.